உங்கள் சொந்தக் குறையை மட்டும் கூறவும்

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்கப் பார்த்தேன். "பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு" என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ பொறுப்பில்லாதது ஒன்னு இருக்குதா? அத யாரு பாக்கிறாங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி, "அதுக்கு நெறைய ஆளுங்க இருக்காங்க அத்தை. பொறுப்பா இருக்கத்தான் ஆள் கம்மி. அதான் நம்ம பாப்பாவ எடுத்திருக்காங்க" என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போதெல்லாம் எங்கே போன் போட்டாலும் முதலில் இயந்திரம்தான் பேசுகிறது. அது யார் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்கிறது, யார் சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது, அந்தத் தப்பினால் யாருக்கு அடி விழுகிறது என்று பார்ப்பது என் வேலை. நல்ல வேலை என்றுதான் நம்பினேன். படிக்கும்போதே இதில்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே வாய் கசக்கிறது.

அண்ணி ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத் தோலை மடித்துத் தைக்கிற லைன் அது. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது என் அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "ஷேர் ஆட்டோ சொந்தமா, வாடகையா?" என்று கேட்டவள். திரும்பி வரும்போது பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் பிடித்துப்போய்விட்டது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லி அந்த இடத்தையே முடித்தாள்.

அந்த வாய்தான் லைனில் இருந்த மற்றப் பெண்களுக்கும் வாய். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் கம்பெனி வேனில் வருகிறவர்கள் அவர்கள். வெளியே சொல்ல வெட்கமான வலி, வீட்டுக்குத் தெரியக்கூடாத சங்கதி எதுவானாலும் அண்ணியின் காதுக்கு வரும். அண்ணி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு போய்க் கேட்பாள். "அவளுக்குத் தல சுத்துது" என்று சொல்லவே மாட்டாள். "எனக்குத் தல சுத்துது, அந்த ஃபேன இப்படித் திருப்புங்க" என்பாள். காற்று போய்ச் சேரவேண்டியவளுக்குச் சேரும். பழைய சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். ஆனாலும் அவருக்கு இந்த வழக்கம் தெரியும். "உனக்கா? சரி, உனக்குத்தான். போய் உக்காரு" என்று சொல்லி ஃபேனைத் திருப்பிவிடுவார். யாருக்கு என்று ஒருநாளும் துருவிக் கேட்டதில்லையாம்.

மெடிக்கல் கடையிலும் இதே கூத்துதான். கடைக்காரர் எங்கள் தெருக்காரர். "இன்னாக்கா, போன வாரம் மூட்டுவலி, இந்த வாரம் மூலமா?" என்று கிண்டல் செய்வார். "ஆமாப்பா, ஊர்ல இருக்கிற நோவெல்லாம் எனக்குத்தான். நீ மாத்திரைய குடு" என்பாள் அண்ணி. நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன். அண்ணிக்கு வருஷத்தில் ஒரு ஜலதோஷம்கூட வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு புதிய வேலையைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள், தொழிலாளர்கள் பயமில்லாமல் குறை சொல்ல ஒரு வழி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகச் சில கம்பெனிகளில் ஒரு போன் எண் கொடுத்திருந்தார்கள். அதைக் கூப்பிட்டால் இயந்திரம் தமிழில் பேசும். பெயர் கேட்காது. குறையைக் கேட்டு, எழுதி, சுருக்கம் தயாரித்து, கம்பெனிக்கு அனுப்பும். தொழிலாளர்கள் அதை எவ்வளவு நம்பிப் பேசுகிறார்கள் என்று நாங்கள் ஆராயவேண்டும். பெயர்களையும் கம்பெனிகளின் பெயர்களையும் எடுத்துவிட்டு, பேசியதை மட்டும் எழுத்தாக எங்களிடம் தந்தார்கள்.

நான் படிக்க ஆரம்பித்தேன். ஒருத்தி கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றிருந்தாள், இன்னொருத்தி வேன் தாமதம் என்றிருந்தாள். பிறகு ஓரிடத்தில், "சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க" என்று முடிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே முடிந்தது. அதற்கடுத்ததும். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு நாள் விடியாது. அண்ணன் காய்கறி வாங்கப் போகும்போது, அம்மா மாத்திரை போட மறக்கும்போது, அண்ணியின் பையன் பரீட்சைக்குக் கிளம்பும்போது எல்லாம் அதுதான்.

ஆபீஸில் உட்கார்ந்து நான் ஒருத்தியாகச் சிரித்தேன். அண்ணி தன் வேலையைக் காட்டியிருந்தாள். "எனக்கு இது மூனாவது மாசம், சொல்யூசன் வாசனை பட்டா குமட்டுது, பேக்கிங் பக்கம் மாத்துங்க" என்று ஒன்று. சொல்யூசன் என்பது தோலை ஒட்டுகிற பசை. "எனக்கு ஆப்ரேசன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்தாச்சு, பெட்டி தூக்கச் சொல்றாங்க, முடியல" என்று இன்னொன்று. கண் மங்குகிறது, விரலில் ஊசி ஏறியது, மாமியார் செத்ததற்கு லீவு தரவில்லை. அத்தனைக்கும் "எனக்கு", "எனக்கு". மாமியார் சாவு வரைக்கும் படித்தபோது சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த மாமியார் என் அம்மா. முந்தின நாள்தான் போனில் என்னைத் திட்டியிருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் இயந்திரம் எழுதிய சுருக்கம் இருந்தது. குரலை வைத்து, பேசியது ஒரே ஆள் என்று அது கண்டுபிடித்திருந்தது. "ஒரே நபர். கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. நம்பகத்தன்மை மிகக் குறைவு. நிர்வாகம் கவனிக்கவேண்டிய நபர்." அதைப் படித்ததும் என் சிரிப்பு போய்விட்டது. அண்ணியின் வேலைக்கு ஆபத்து என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

பேராசிரியரிடம் ஓடினேன். மேடைக்கு மேடை, மனிதரை நடுவில் வைத்துச் செய்யும் தொழில்நுட்பம் என்று பேசுகிறவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப இன்ட்ரஸ்டிங்" என்றார். பிறகு முகம் மாறியது. "இது உன் அண்ணின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பேச்சை வைத்துத் தெரிந்தது என்றேன். "அடையாளம் தெரியாத டேட்டாவில நீ ஒருத்தரை அடையாளம் கண்டுட்டே. அதுவே எத்திக்ஸ் மீறல். அதை வெளியில போய்ச் சொன்னா இன்னும் பெரிய மீறல். அவங்க பிரைவசியைக் காப்பாத்தறதுதான் நம்ம முதல் பொறுப்பு."

"சார், அவங்க வேலை போகப்போகுது. அதைக் காப்பாத்த வேண்டாமா?"

"அது நம்ம ஸ்டடியோட எல்லைக்குள்ள வராது" என்றார். அன்று மாலையே அந்தக் கம்பெனியின் பேச்சுகளை என் கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறதாம், அதனால் நடுநிலை கெட்டுவிடுமாம். சொந்த அக்கறை இல்லாதவர்கள்தான் பொறுப்பாக இருக்கமுடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நான் ரயில் ஏறி ஊருக்கு வருவதற்குள் காரியம் மிஞ்சியிருந்தது. கம்பெனியில் அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, ஒலிப்பதிவை வரவழைத்துக் கேட்டிருக்கிறார்கள். பெயரைத்தான் எடுத்திருந்தார்கள், குரல் அப்படியே இருந்தது. அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கம்பெனியில் யார்? செக்யூரிட்டிகூடச் சொல்லிவிடுவார்.

அண்ணி நடந்ததைச் சொன்னாள். சோற்று இடைவேளையில் லைன் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். அவள் போனில் ஒவ்வொருத்தியின் குறையாகச் சொல்வாளாம். "அந்த மெசின் பொம்பள இன்னா மரியாதையா பேசுது தெரியுமா பாப்பா? 'சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்'னு சொல்லுது. உங்கண்ணன் ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா? நானும் நம்பி, ஒன்னு உடாம சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

கம்பெனியில் கூப்பிட்டு மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கறையாகத்தான். இவ்வளவு நோய் இருக்கிறதே, பார்க்கவேண்டாமா? பார்த்த டாக்டர், உடம்பில் ஒரு குறையும் இல்லை, கர்ப்பமும் இல்லை, கர்ப்பப்பை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நோய் இருந்திருந்தால் வேலைக்கு ஆகமாட்டாள். இல்லாததால் பொய்க்காரி. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

"பிளஸ் டூ படிக்கிற பையன வச்சிக்கினு மாசமா இருக்கேன்னு சொன்னியாமேன்னு ஒருத்தன் சிரிக்கிறான் பாப்பா" என்றாள் அண்ணி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அவளுக்கு அந்த லைன் வெறும் சம்பளம் இல்லை. வீட்டில் அவள் மருமகள், பெண்டாட்டி, அம்மா. அங்கேதான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், திங்கட்கிழமைக்குச் சீருடையை இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவாள்.

மறுநாள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு நானே கம்பெனிக்குப் போனேன். எத்திக்ஸ் மீறல்தான். மீறட்டும் என்று போனேன். எச்.ஆர். அதிகாரி என் வயதுப் பெண். நல்ல மாதிரியாகப் பேசினாள், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். நான் என் படிப்பையெல்லாம் கொட்டினேன். இது பொய் இல்லை மேடம், இயந்திரத்தின் தப்பு, ஒரு குரலை ஓர் ஆள் என்று அது கணக்குப் போட்டுவிட்டது, இந்த லைனில் ஒரு குரல் என்றால் பல ஆட்கள், இங்கே இப்படித்தான் வழக்கம் என்றேன்.

அவள் ஆர்வமாக முன்னால் சாய்ந்தாள். "அப்படின்னா ரொம்ப ஈஸி மேடம். அந்தப் பல பேர் யார் யார்னு இவங்க சொல்லட்டும். ஒவ்வொருத்தர் குறையையும் நான் தனித்தனியா எடுத்துக்கறேன். இவங்க மேல எந்த ஆக்‌ஷனும் இருக்காது."

எனக்கு உயிர் வந்தது. அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக லைன் தெரிந்தது. கடைசி மேஜையில் ஒரு சின்னப் பெண் பிரஷ்ஷால் சொல்யூசன் தடவிக்கொண்டிருந்தாள், துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தாள். அவள்தான் மூன்றாவது மாதம். முதல் கர்ப்பம் தங்கவில்லை. இது தெரிந்தால் கான்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அண்ணியின் காதில் மட்டும் சொல்லியிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றேன். "பேர் சொன்னா முடிஞ்சுது."

"அப்படி யாரும் இல்ல மேடம்" என்றாள் அண்ணி. "நான்தான் சொன்னேன். எல்லாம் எனக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவள் கையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். எச்.ஆர். பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் பி.எஃப். சிக்கலில்லாமல் வந்துவிடும் என்று தணிந்த குரலில் சொன்னாள். அண்ணி எழுதிக் கொடுத்தாள். நாங்கள் வெளியே வந்தபோது லைன் முழுக்கத் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தியாவது நிமிர்வாள் என்று பார்த்தேன். ஊசியைப் பார்க்கவேண்டுமே, எப்படி நிமிர்வார்கள்? அவர்களுக்கும் வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்ன அதே அம்மா. நான் கத்திவிட்டேன். அம்மாவைப் பார்த்து அப்படி நான் கத்தியதே இல்லை. அண்ணிதான் வந்து என்னை அடக்கினாள். "உடு பாப்பா, பேஜார் பண்ணாத. அத்தை கவலையில சொல்றாங்க" என்றாள்.

சென்னைக்குத் திரும்பியதும் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் கம்பெனிக்குப் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், பாராட்டினார். ஒருத்தரே பலருக்காகப் பேசுவது இதுவரை யாரும் எழுதாத விஷயமாம். கட்டுரையாக வந்தால் பெரிய பெயர் கிடைக்குமாம். அந்த இயந்திரத்தைச் செய்தவர்களிடமும் சொல்லிவிட்டாராம், அவர்கள் உடனே திருத்திவிட்டார்களாம். "பாத்தியா, உன் கண்டுபிடிப்புக்கு இம்பாக்ட் இருக்கு" என்றார். எப்படித் திருத்தினார்கள் என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

எப்படித் திருத்தினார்கள் என்பதை, ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டேன். அன்று காலை பத்து மணி வாக்கில் அந்தச் சொல்யூசன் மேஜைப் பெண் வந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணியின் காலில் விழப் போனாள். அண்ணி பிடித்து நிறுத்தி, "மாசமா இருக்கிறவ குனியக்கூடாது, உக்காரு" என்று நாற்காலியைப் போட்டாள். நான் மூலையில் முறைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் அங்கதான் உக்கார வச்சிருக்காங்கக்கா. ரெண்டு நாளா வயிறு இழுத்துப் பிடிக்குது" என்றாள் அந்தப் பெண். "பேக்கிங்குக்கு மாத்தினா போதும். நீங்க ஒருவாட்டி போன்ல சொல்லிடுங்கக்கா. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இனிமே நான் பேசினா ஆகாதுடி. நீயே பேசு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். அந்தப் பெண் தன் போனில் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். இயந்திரம் இனிமையாகப் பேசியது. "வணக்கம். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். உங்கள் சொந்தக் குறையை மட்டும் கூறவும். பிறருக்காகப் பேசுவது தவறான தகவலாகக் கருதப்படும். முதலில் உங்கள் பணியாளர் எண்ணைக் கூறவும்."

என் கண்டுபிடிப்பு பேசிக்கொண்டிருந்தது. முன்பு கேட்காத எண்ணை இப்போது கேட்டது. அந்தப் பெண் அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். எண்ணைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான். "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றது இயந்திரம். அவள் போனை அண்ணியின் பக்கம் நீட்டினாள்.

அண்ணி போனை வாங்கினாள். வாங்கி, தன் பழைய எண்ணைச் சொன்னாள். இத்தனை வருஷம் தினமும் கேட்டில் சொன்ன எண், யோசிக்காமல் வந்தது. பிறகு, "எனக்கு ஒரு குறை இருக்குதும்மா" என்றாள். நான் அதிர்ந்துபோனேன். எத்தனையோ பேருக்காக "எனக்கு" என்று சொன்னவள், தனக்காக அந்த இயந்திரத்திடம் ஒன்றுமே கேட்டதில்லை. "என்ன வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நான் பொய் சொல்லலம்மா. சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

"மன்னிக்கவும். நீங்கள் கூறிய எண் நடப்பில் இல்லை" என்றது இயந்திரம். இணைப்பு நின்றது.

அண்ணி போனைத் துப்பட்டாவில் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.